சால்வையைக் குறைக்கலாம், ஆண்டைத் தவறவிடலாமா?

2026-ஆம் ஆண்டை, நீடித்த வளர்ச்சிக்கான பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. தன்னார்வலர்களுக்கென ஓர் ஆண்டு முழுவதையும் ஒதுக்கும் வழக்கம் 2001-இல் தொடங்கியது. டிசம்பர் 5-ஆம் தேதியைத் தன்னார்வலர் நாளாகக் கொள்ளும் தீர்மானம் அதைவிடப் பழையது, 1985-இல் நிறைவேறியது. உலக அளவில் இப்படிப் பாராட்டுரைகள் ஒலிக்கும் வேளையில், நிதி நெருக்கடியில் இருக்கும் அரசுகள் முதலில் கைவைப்பது எதில் என்று பார்த்தால், பாராட்டில்தான். சிக்கன நடவடிக்கை என்று ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டால் விழா, விருது, பதக்கம், சான்றிதழ் ஆகியவையே முதல் பலி. காரணம் எளிது. சம்பளத்தைக் குறைத்தால் ஊழியர் சங்கம் போராடும். மானியத்தை நிறுத்தினால் மக்கள் மறியல் செய்வார்கள். விருதை நிறுத்தினால் கேட்க நாதியில்லை. விருது பெறத் தகுதியுள்ளவர் தனக்கு ஏன் தரவில்லை என்று கேட்கக் கூச்சப்படுவார். அந்தக் கூச்சத்தின் மீதுதான் நம் சிக்கனம் நிற்கிறது.

புதுச்சேரியின் நிதிநிலை உண்மையிலேயே இறுக்கமானது என்பதை நான் மறுக்கவில்லை. சட்டப்பேரவை உள்ள ஒன்றியப் பகுதி என்பதால் நிதிக்குழுவின் பங்கீட்டு வரம்புக்குள் நாம் வருவதில்லை. மத்திய அரசு தரும் உதவி, நம் செலவு உயரும் வேகத்தில் உயர்வதில்லை. சம்பளம், ஓய்வூதியம், கடனுக்கான வட்டி, நலத்திட்ட உதவிகள், மின்சாரம் வாங்கும் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டால், எஞ்சுவதை வைத்துக்கொண்டு எந்த நிதியமைச்சராலும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. 2025-26-ஆம் ஆண்டுக்கு முதல்வர் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையின் அளவு ரூ.13,600 கோடி. அதன் பெரும்பகுதி, அறிக்கை வாசிக்கப்படும் முன்பே செலவாகிவிட்ட பணம் போன்றதுதான்.

இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நகரில் தொண்டு செய்பவர்களில் ஆண்டுக்கு இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, பதக்கமும் சான்றும் கொடுத்து, எளிய விழா நடத்த ரூ.5 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ரூ.13,600 கோடியில் அது 2,72,000-இல் ஒரு பங்கு. இந்தத் தொகையைச் சேமித்து எந்தப் பற்றாக்குறையையும் யாரும் அடைத்துவிடப் போவதில்லை. ஆகவே இப்படிப்பட்ட விருதுகள் பணம் இல்லாததால் நிற்கின்றன என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் நியாயமான ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உண்மையாகத் தொண்டு செய்பவருக்கு விருது எதற்கு? பிரதிபலன் பாராத செயலுக்குப் பதக்கம் கொடுப்பது அதைக் கொச்சைப்படுத்துவது ஆகாதா? (தொண்டர் என்றாலே கட்சித் தொண்டர் என்று பொருள் கொள்ளும் காலம் இது, நான் சொல்வது மற்றவர்களை.) கேள்வி பழையது. பொருளியலில் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் தத்துவத்தை விட்டுவிட்டு, ரத்ததானத்தை எடுத்துக்கொள்வோம்.

பணம் வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பவர்களை ஒழிக்க வேண்டும் என்று 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் அந்தத் தடை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் இந்தியாவில் ரத்தத்துக்கு விலை இல்லை. விலை கொடுப்பது குற்றம். சந்தையில் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், வழங்கல் கூடும் என்று வகுப்பறையில் சொல்லிக் கொடுப்போம். இங்கே அந்தக் கருவியைச் சட்டம் பறித்துவிட்டது, சரியாகவே பறித்தது. அப்படியானால் ஒரு நகரம் தன் மருத்துவமனைகளுக்கு வேண்டிய ரத்தத்தைத் திரட்டக் கையிலிருக்கும் கருவி என்ன? நன்றி சொல்வது ஒன்றுதான். அதையும் சிக்கனத்தின் பெயரால் நிறுத்தினால் கை வெறுங்கையாகிவிடும்.

கல்லூரியில் சில ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவன் நான். 1969-இல் காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்ட திட்டம் அது. ரத்ததான முகாமுக்கு மாணவர்களைத் திரட்டுவது என் வேலைகளில் ஒன்று. முதல்முறை வருபவர்களில் பலர் நண்பன் அழைத்தான் என்று வருவார்கள். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் யார் வருகிறார்கள் என்பதே கேள்வி. முகாம் முடிந்த மறுநாள் அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியலை ஒட்டினால், மாலைக்குள் அதன் முன்னால் ஒரு கூட்டம் நிற்கும். தன் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று முறையிட வந்த மாணவர்களை எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் புகழுக்காக ரத்தம் கொடுத்தவர்கள் அல்லர். ஆனால் கொடுத்தது சரியாகப் பதிவாக வேண்டும் என்று நினைத்தார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

நிக்கோலா லாசெடெரா, மரியோ மாச்சிஸ் ஆகிய இரு பொருளியலாளர்கள் இத்தாலிய நகரம் ஒன்றின் ரத்தக் கொடையாளர் பதிவேடுகளை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு அங்கே படிப்படியாகப் பதக்கம் உண்டு. பதக்கத்துக்குரிய எண்ணிக்கையை நெருங்கும்போது, கொடையாளர்கள் இடைவெளியைக் குறைத்துக்கொண்டு விரைவாக வந்து கொடுப்பது தெரிந்தது. நமக்குப் பாடம் அடுத்த வரியில் இருக்கிறது. எல்லாப் பதக்கங்களுக்கும் இந்த விளைவு இல்லை. உள்ளூர் நாளிதழில் பெயர் வெளியாகி, பொது விழாவில் வழங்கப்படும் பதக்கங்களுக்கு மட்டுமே இருந்தது. அதாவது வேலை செய்தது உலோகம் அன்று. ஊரார் அறிய வழங்கப்பட்டதுதான்.

இன்னொரு சான்று, ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் யானா காலுஸ் நடத்திய ஆய்வு. புதிதாக எழுத வந்த தன்னார்வலர்களில் சிலரைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்து, பணமதிப்பே இல்லாத ஒரு பாராட்டு விருதை அளித்தார்கள். விருது பெற்றவர்களில் தொடர்ந்து பங்களித்தவர்களின் விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல். அந்த வேறுபாடு ஓராண்டு வரை நீடித்தது. இத்தாலியும் ஜெர்மனியும் புதுச்சேரி ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது. எண்களை அப்படியே இங்கே பொருத்துவது தவறு. ஆனால் பாராட்டினால் தொண்டு கெட்டுப்போகும் என்ற அச்சத்துக்கு அந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்பதையாவது ஏற்கலாம்.

தவிர, பதக்கத்தின் மதிப்பைப் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் சொல்தாக்கள், ஜூலை 14 அன்றும் நவம்பர் 11 அன்றும் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்துக்கு வரும்போது பாருங்கள். ஓய்வூதியம் வங்கிக்கு வருகிறது. அதைப் பற்றித் தெருவில் யாரிடமும் சொல்வதில்லை. சட்டையில் குத்திக்கொண்டு வருவது பதக்கத்தை.

எனவே நெருக்கடிக் காலத்தில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதற்கு ஒரு வரையறை கிடைக்கிறது. பணமுடிப்பைக் குறைக்கலாம், எடுத்தே விடலாம் என்பது என் கருத்து. 1954 முதல் வழங்கப்படும் பத்ம விருதுகளில் பணம் இல்லை. அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று ஒரு தொகையைக் கொடுக்கும்போது, பத்தாண்டு உழைப்புக்கு இதுதானா விலை என்ற கணக்கு பார்ப்பவர் மனத்தில் வந்துவிடுகிறது. பணமே இல்லாதபோது அந்தக் கணக்கு எழுவதில்லை. சால்வை, பூங்கொத்து, ஆளுயர நினைவுப் பரிசு, நட்சத்திர விடுதி விருந்து ஆகியவையும் போகட்டும். ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்வேன். தொண்டு செய்பவர்களில் கணிசமானோர் வசதியற்றவர்கள். வெள்ளத்தில் இறங்குபவருக்கு விபத்துக் காப்பீடும், முகாமுக்கு வருபவருக்குப் பேருந்துச் செலவும் தருவது பரிசு அன்று, கடமை. விருதுப் பணத்தை அந்தப் பக்கம் திருப்பலாம்.

குறைக்கவே கூடாதது தொடர்ச்சியை. இவ்வாண்டு இல்லை, அடுத்த ஆண்டு சேர்த்துக் கொடுத்துவிடுவோம் என்பது நம் அரசுகளின் வழக்கமான பதில். தமிழ்நாட்டில் 2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுகளுக்கான கலைமாமணி விருதுகள் ஒன்றாகத் திரட்டப்பட்டு 2019-இல் 201 பேருக்கு வழங்கப்பட்டன. புதுச்சேரியிலும் கலைமாமணி விருதுகள் பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்து மொத்தமாக வழங்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். கொடுத்தது நல்லது. ஆனால் இருநூறு பேர் வரிசையில் நின்று ஒருவர்பின் ஒருவராக வாங்கிச் செல்லும் மேடையில், ஒருவர் செய்தது என்ன என்று சொல்ல நேரம் ஏது? பெயர் வாசிப்பதற்கே பொழுது போய்விடும். கலைஞருக்காவது பாட்டும் கூத்தும் மேடையில் தெரியும். அதிகாலையில் ஏரிக்கரையில் நெகிழிக் குப்பை அள்ளுபவரின் செயலை யாராவது எடுத்துச் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். ஓராண்டு தவறினால் அந்த ஆண்டின் செயல்களை நேரில் கண்டவர்களும் மறந்துவிடுகிறார்கள். எட்டாண்டு கழித்து யாரைக் கேட்டு விசாரிப்பது?

இந்தத் தேக்கம் எப்படி ஏற்படுகிறது என்பதும் ரகசியம் அன்று. விண்ணப்பம் கோரும் அறிவிப்புக்குக் கோப்பு, தேர்வுக்குழு அமைக்கக் கோப்பு, குழு கூடியபின் பட்டியலுக்கு ஒப்புதல் கோரிக் கோப்பு, செலவுக்கு நிதித் துறைக்குக் கோப்பு, விழா நாளுக்கு அமைச்சரின் ஒப்புதல். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மாதம் என்றாலும் நிதியாண்டு ஓடிவிடும். மார்ச் 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகும். அடுத்த ஆண்டு நிதித் துறை, சென்ற ஆண்டு செலவே செய்யவில்லையே என்று கேட்டுத் தொகையைக் குறைக்கும். அதற்கடுத்த ஆண்டு அந்தத் தலைப்பே பட்டியலில் இராது. யாரும் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்காமலே ஒரு விருது செத்துப்போகும் வழி இது. நிதிப் பற்றாக்குறை என்ற காரணம் பிறகு வந்து சேருகிறது.

அரசு விட்ட இடம் காலியாகவும் இருப்பதில்லை. கெட்ட நாணயம் நல்ல நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும் என்பது கிரெஷாம் பெயரால் வழங்கும் பழைய விதி. விருதுகளிலும் அதைப் பார்க்கிறோம். சேவைச் செம்மல், சேவா ரத்னா என்று ஏதேதோ பட்டங்களைப் பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழங்கும் அமைப்புகள் பெருகிவிட்டன. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே தனியார் அமைப்பு ஒன்று விழா நடத்தி, அறிந்த பிரமுகர்களுக்கே போலி கௌரவ டாக்டர் பட்டங்களை வழங்கிவிட்டுப் போனது. பல்கலைக்கழகம் பிறகு காவல் துறையில் புகார் கொடுத்தது. நல்ல விருது ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்கும் ஊரில் இவர்களுக்குச் சந்தை சுருங்கும்.

இனி, புதுச்சேரிக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். நகரத்தின் பெயரால் ஒருவருக்கு நன்றி சொல்வது என்றால், சொல்வது யார்? பாரிஸிலும் லண்டனிலும் நகரத்துக்கு மேயர் இருக்கிறார். நமக்கும் இருந்தார். பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிகளை ஏற்படுத்திய ஆணை 1880-ஆம் ஆண்டினது. மேயர் அமர்ந்த மேரி கட்டடம் 1870-71-இல் கட்டப்பட்டது. அது 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிக் கடனுதவியுடன் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு, 2021 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது, உள்ளே அமர வேண்டிய நகர்மன்றம் வரவில்லை. 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல் ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டும், இடஒதுக்கீட்டுச் சிக்கலில் வழக்கு நடந்து நின்றுபோனது. புதுச்சேரி, உழவர்கரை ஆகிய இரு நகராட்சிகளையும் அதிகாரிகளே நடத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாற்றலாகிச் செல்லும் ஆணையர், எந்தத் தெருவில் யார் என்ன செய்கிறார் என்பதை எப்படி அறிவார்?

ஃபெஞ்சல் புயலை எண்ணிப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த புயல், ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேலான மழையைக் கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வர வேண்டியிருந்தது. ராணுவம் வந்தது செய்தியாயிற்று. ராணுவம் வருவதற்கு முன் அந்தத் தெருக்களில் முதியவர்களைத் தோளில் தூக்கி வந்தவர்கள் யார், அடுத்த நான்கு நாள்கள் சோறு சமைத்துக் கொண்டுபோனவர்கள் யார், சேற்றை அள்ளியவர்கள் யார்? அந்தந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். ஒரு வார்டு உறுப்பினர் இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்; வாக்கு கேட்க வேண்டியவர் என்பதால் மறந்திருக்கவும் மாட்டார். அந்தத் தகவல் மேலே செல்லும் குழாய் நம் நகரத்தில் துண்டிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த புயலுக்கு யாரை அழைப்பது என்ற பட்டியலும் அதே குழாய் வழியாகத்தான் வர வேண்டும். விருதுக்கான தேடல் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையும்கூட. இதனால்தான் விருது நின்றுபோவதை ஒரு விழா நின்றுபோவதாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

ஹீமோபிலியா நோயாளிகளுக்காகப் பல்லாண்டுகள் உழைத்த டாக்டர் நளினி பார்த்தசாரதிக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் என் நண்பர்களில் பலர், இதே ஊரில் வாழ்ந்தும், அவர் பெயரை டெல்லி சொன்ன பிறகே அறிந்தார்கள். நம் ஊர்க்காரரை நமக்கு டெல்லி அறிமுகப்படுத்த வேண்டியிருப்பது ஊருக்குப் பெருமை அன்று.

நிதிக்கு ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: தனியார் நிறுவனங்களிடம் நன்கொடை பெற்று நடத்திவிடலாம் என்று. நான் இதற்கு உடன்பட மாட்டேன். நகை மாளிகையின் பதாகைக்குக் கீழே, மனை வணிகரின் கையால் வாங்கும் பதக்கம் நகரத்தின் பதக்கம் ஆகாது. ஏரியை ஆக்கிரமிப்பிலிருந்து காக்கப் போராடிய இளைஞருக்கு அந்த மேடையில் இடம் கிடைக்குமா என்று யோசித்தால் போதும். கட்சிப் பரிந்துரையும் இதே நோய்தான். அதைத் தடுக்கும் விதிகள் இல்லையென்றால் விருது வராமலே இருப்பது மேல் என்றுகூடச் சில வேளைகளில் தோன்றும்.

செய்யக்கூடியது கடினமானதன்று. ஒரே ஒருமுறை ரூ.75 லட்சத்தை அரசு ஓர் அறக்கட்டளை வைப்பு நிதியாக ஒதுக்கட்டும். ஏழு விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு ரூ.5.25 லட்சம். விலைவாசி உயர்வு அதைத் தின்னும் என்பது உண்மை. பணமுடிப்பு இல்லாத விருது என்பதால் தாங்கும். மார்ச் 31 அதற்குக் காலன் ஆகாது. அந்த 75 லட்சமும் இப்போது முடியாது என்றால், ஒரு தாளில் அச்சிட்ட சான்றும் மேரி கட்டடத்தின் கூடமும் போதும். அரசுக்கு வாடகை இல்லை.

தேர்வு முறைக்குப் பிரிட்டனில் ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. எலிசபெத் அரசியின் பொன்விழாவை ஒட்டி 2002-இல் தொடங்கிய தன்னார்வச் சேவை விருது, இன்று மன்னர் பெயரால் தொடர்கிறது. அது தனி மனிதருக்கு அன்றி, குழுக்களுக்கு வழங்கப்படுகிறது. பணம் கிடையாது. குழுவை நடத்துபவர்களோ அதில் பணியாற்றுபவர்களோ தங்களைத் தாங்களே பரிந்துரைக்க முடியாது. வெளியிலிருந்து யாராவது எழுத வேண்டும். உள்ளூரில் விசாரித்தபின்பே மேலே செல்லும். நம் நடைமுறையில் விண்ணப்பதாரரே ஆதார் நகலும், செய்தித்தாள் கத்தரிப்புகளும், மூன்று பிரமுகர்களின் சான்றும் இணைத்து ஐந்து படிகளில் தர வேண்டும். உண்மையான தொண்டர் இதைச் செய்ய மாட்டார். செய்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். உதவி பெற்றவர் ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். தமிழில் மட்டுமன்றி, ஏனாமிலிருந்து தெலுங்கிலும் மாஹேயிலிருந்து மலையாளத்திலும் வரட்டும். காரைக்காலும் இந்த இரண்டும் புதுச்சேரி நகரத்தின் நிழலில் மறைந்துபோவது எப்போதும் நடப்பது.

தேர்வானவர் ஒவ்வொருவரும் செய்தது என்ன என்பதை நூறு சொற்களில் எழுதி, அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும். பதக்கம் தொலைந்துபோகலாம், அந்த நூறு சொற்கள் ஆவணமாக இருக்கும். தேர்வுக்குழுவில் ஆட்சியர் ஒருவர் போதும். மற்றவர்கள் ரத்த வங்கி மருத்துவர், பள்ளித் தலைமை ஆசிரியர், மீனவப் பஞ்சாயத்தார், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் என்று களத்தை அறிந்தவர்களாக இருக்கட்டும். குழு உறுப்பினருக்கு மூன்று ஆண்டு, மறுமுறை இல்லை.

டிசம்பர் 5 அன்று வழங்க வேண்டுமானால், பரிந்துரை கோரும் அறிவிப்பு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வெளியாக வேண்டும். செப்டம்பர் இறுதியில் பரிந்துரைகளை முடித்து, அக்டோபரில் நேரில் சென்று விசாரித்தாக வேண்டும்; நவம்பரில் மழையும் புயலும் வந்துவிடும், அப்போது இவர்களில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள்.